கட்சிக்காரர் விசுவநாத சுவாமி

காவிரிக்கரை வழக்குகள் – பகுதி 11

தஞ்சாவூர் மண்ணிலிருந்து லண்டனுக்குப் போன ஒரு பெரிய வழக்கு தோற்றுத் திரும்பிய கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். மராட்டிய மன்னர் சிவாஜி 1855இல் ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் கம்பெனிக்காரர்கள் அரண்மனைக்கு முத்திரை வைத்தார்கள். மூத்த ராணி காமாட்சி பாய் சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்தார். 1859இல் பிரிவி கவுன்சில் அதைத் தலைகீழாக்கியது. அரசு அரசாக நின்று செய்த காரியத்தை நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். தனிச் சொத்துகள் 1862இல் திரும்பி வந்தன. ஆனால் அது சட்டம் கொடுத்ததில்லை, ஆண்டவர்கள் பார்த்துக் கொடுத்தது.

இனி நூற்றிருபது வருடம் தாண்டி வருகிறோம். மறுபடியும் லண்டன், மறுபடியும் தஞ்சாவூர் ஜில்லா வழக்கு. இந்த முறை கட்சிக்காரர் ராணி இல்லை, ராஜா இல்லை. கூரை போய், சுவர் சாய்ந்து, பூசை நின்று கிடந்த ஒரு சிவன் கோயில்.

ஊர் பத்தூர். இன்றைக்குத் திருவாரூர் மாவட்டம். அப்போது திருவாரூர் தனி மாவட்டமாகவில்லை, எல்லாம் தஞ்சாவூர்தான். அங்கே விசுவநாத சுவாமிக்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த கோயில் ஒன்று இருந்தது. இருந்தது என்பதைவிட, அதன் கற்கள் இருந்தன என்று சொல்வது சரி. 1976இல் பக்கத்தில் குடியிருந்த ஒரு கூலித் தொழிலாளி மண்ணைத் தோண்டும்போது உலோகத்தில் கடப்பாரை பட்டது. உள்ளே ஒரு நடராசர், கூடவே வேறு திருமேனிகள். மற்றவை பின்னால் அதிகாரிகள் கைக்கு வந்துவிட்டன. நடராசர் மட்டும் வியாபாரிகள் கைமாறிக் கைமாறிக் கடல் கடந்துவிட்டார்.

டெல்டாவில் இதில் அதிசயம் எதுவும் இல்லை. உற்சவத் திருமேனிகளை ஆபத்துக் காலத்தில் மணல் பரப்பிப் புதைத்துவைப்பது அந்தக் கால வழக்கம். புதைத்தவர்கள் திரும்பி வந்தால் எடுப்பார்கள். வராவிட்டால் சில நூற்றாண்டு கழித்து வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுகிறவனோ ஏர் உழுகிறவனோ எடுப்பான். எடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் சொல்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்று எழுதிய சட்டத்தை வைத்துக்கொண்டுதான் நாம் சோழர் செம்புக்குக் காவல் காத்துக்கொண்டிருந்தோம்.

1982இல் லண்டனில் ஷெரியர் என்ற கலைப்பொருள் வியாபாரி அந்த நடராசரை விற்றார். வாங்கியது கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தைச் சேர்ந்த பம்பர் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம். சிலை எங்கிருந்து வந்தது என்பதற்குப் பொய்யான பூர்வீகம் ஒன்றைக் காகிதத்தில் காட்டினார்கள். நிறுவனம் நம்பி வாங்கியது. இந்த இடத்தில் பம்பரைத் திருடன் என்று நினைத்துவிடக் கூடாது. நல்லெண்ணத்தோடு வாங்கியவர்கள் என்பதை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. வழக்கின் சிக்கலே அதில்தான் இருக்கிறது. வாங்கிய சிலையைப் பார்த்து மதிப்பிடவும் சீர்செய்யவும் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார்கள். அங்கே லண்டன் மாநகரப் போலீஸ் வந்து கைப்பற்றியது.

போலீஸ் மேல் பம்பர் வழக்குப் போட்டது. அதனால்தான் சட்டப் புத்தகங்களில் இந்த வழக்கின் பெயர் 'பம்பர் எதிர் போலீஸ் கமிஷனர்' என்று இருக்கிறது. கோயிலின் பெயரோ சாமியின் பெயரோ தலைப்பில் வராது. போலீசுக்குச் சிலைமேல் ஆசை இல்லை. பொருள் எங்களிடம் இருக்கிறது, யாருடையது என்று கோர்ட்டில் தீர்த்துக்கொள்ளுங்கள் என்கிற நிலைதான் அவர்களுடையது. எனவே உரிமை கேட்கிறவர்கள் வரிசையாக வந்து நிற்க வேண்டியிருந்தது. ஐந்து பேர் நின்றார்கள். முதலில் இந்திய அரசு, அடுத்து தமிழ்நாடு அரசு, மூன்றாவது அறநிலையத் துறை சார்பில் வந்த கோயில் தக்கார். நான்காவதாகக் கோயிலே. ஐந்தாவது, கோயிலுக்குள் இருந்த சிவலிங்கம்.

இரண்டு அரசுகள் முன்னால் நிற்கும்போது கோயிலையும் லிங்கத்தையும் ஏன் கட்சி சேர்த்தார்கள்? இதைப் புரிந்துகொண்டால்தான் அந்த வக்கீல்களின் அருமை தெரியும்.

அதே சமயத்தில் லண்டன் நீதிமன்றங்களில் இன்னொரு வழக்கு முடிந்திருந்தது. நியூசிலாந்தின் தரநாக்கி பகுதிச் சதுப்பு நிலத்தில் கிடைத்த மாவோரி மக்களின் செதுக்கு மரப்பலகைகள் அனுமதியில்லாமல் நாட்டைவிட்டு வெளியேறி ஆர்டிஸ் என்ற சேகரிப்பாளரிடம் போய்ச்சேர்ந்தன. 1978இல் அவை லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது நியூசிலாந்து அரசு வழக்குப் போட்டது. எங்கள் ஏற்றுமதிச் சட்டப்படி அது எங்களுக்குப் பறிமுதலான பொருள், கொடுங்கள் என்று கேட்டது. கடைசியில் பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றது. ஒரு நாட்டின் ஏற்றுமதித் தடையை இன்னொரு நாட்டின் நீதிமன்றம் போலீஸ்காரன் மாதிரி நின்று அமல்படுத்தாது என்ற கருத்து அந்த வழக்கில் அழுத்தமாகப் பேசப்பட்டது. பலகைகளை நேரடியாக வைத்திருந்து இழந்தவர் யார், அவர் உரிமை என்ன என்று கேட்டிருந்தால் கதை வேறாகப் போயிருக்கலாம்.

இந்தியத் தரப்பு வக்கீல்கள் இந்தத் தீர்ப்பைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் படித்திருப்பார்கள் என்பதில் சந்தேகம் வேண்டாம். நம்மிடமும் 1947ஆம் வருடத்து ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டம் 1976 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆனால் 'எங்கள் நாட்டுப் பொருள், எங்கள் சட்டத்தை மீறி வந்தது' என்ற வாதத்தை மட்டும் நம்பி லண்டனில் நின்றால் நியூசிலாந்து விழுந்த குழியில்தான் விழ வேண்டும். 'இது என் சொத்து, என்னிடமிருந்து போனது' என்று சொல்ல ஒருவர் வேண்டும். சாதாரண மாட்டுத் திருட்டு வழக்கில் மாட்டுக்காரன் சொல்வதைப் போல, அவ்வளவு எளிமையாக. அந்த ஒருவர்தான் விசுவநாத சுவாமி.

சாமிக்குச் சொத்து இருக்க முடியும் என்பது டெல்டாக்காரனுக்குப் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயமில்லை. சிவன் சொத்து குல நாசம் என்று சொல்லி வளர்த்த ஊர் இது. சிவன் கோயில் பிராகாரத்தில் வடபுறம் கோமுகிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் சண்டிகேசுவரரின் எதிரில் நின்று, கையைத் தட்டியோ துடைத்தோ காட்டிவிட்டு வருகிறோமே, எதையும் எடுத்துப் போகவில்லை ஐயா என்று கணக்கு ஒப்பிப்பது அது. சோழர் கல்வெட்டுகளில் அவர் வெறும் காவல்காரர் இல்லை, கோயிலின் சட்டப் பிரதிநிதி. சிவன் கோயில் நிலத்தை வாங்குவதும் விற்பதும் குத்தகைக்கு விடுவதும் ஆதிசண்டேசுவரர் பெயரில்தான் எழுதப்பட்டன. சண்டேசுவரப் பெருவிலை என்றே ஒரு விற்பனை முறை இருந்தது. சுவாமி பேச மாட்டார், கையெழுத்துப் போட மாட்டார். அவர் சார்பில் கையெழுத்துப் போட ஒருவர் தேவை என்பதை இந்த மண் ஆயிரம் வருடத்துக்கு முன்பே யோசித்துவைத்திருக்கிறது.

ஆனால் இதை வைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சோழன் சொன்னதை வெள்ளைக்காரன் ஒப்புக்கொண்டான் என்று எழுதிவிட முடியாது. நான் படித்த மேடைப் பேச்சுகள் சில அப்படித்தான் போகின்றன. லண்டனில் வாதத்துக்கு உதவியது சண்டேசுவரர் இல்லை, பிரிட்டிஷ் காலத்து நீதிமன்றங்கள் சம்ஸ்கிருத நூல்களையும் ஆங்கிலச் சட்டத்தையும் கலந்து உருவாக்கிய தனி ஒரு சட்டம். அதில் மிகவும் பேசப்படுவது 1925ஆம் வருடத்து மல்லிக் வழக்கு. கல்கத்தாவில் ஒரு குடும்பம். குலதெய்வத்துக்கு முறை வைத்துப் பூசை. என் முறை வரும்போது சாமியை என் வீட்டுக்கே எடுத்துப்போவேன் என்றார் ஒருவர், கூடாது என்றார்கள் மற்றவர்கள். இந்தப் பங்காளிச் சண்டை பிரிவி கவுன்சில் வரை போயிற்று. தெய்வம் என்பது கைமாற்றுகிற மேசை நாற்காலி அல்ல, சட்டத்தின் முன் அது ஓர் ஆள், அதன் விருப்பத்தையும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும், அதற்கு இந்தச் சண்டையில் பங்கில்லாத ஒருவரைப் பிரதிநிதியாகப் போடுங்கள் என்று தீர்ப்பு வந்தது. ராணி காமாட்சி பாய்க்குக் கதவடைத்த அதே சபைதான்.

ஓர் ஆள் என்று ஒப்புக்கொண்டால் நல்லது மட்டும் வராது. 1969இல் சுப்ரீம் கோர்ட், தெய்வமும் ஒரு தனிநபர்தான், வருமான வரி விதிக்கலாம் என்று சொல்லிவிட்டது. அதுவும் கல்கத்தாச் சாமிதான், பாவம்.

தமிழ்நாட்டில் இந்த ஆள் எப்போதும் மைனர். கார்டியன் இல்லாமல் எதுவும் நடக்காது. அறங்காவலர்கள் இருந்தால் அவர்கள், இல்லையென்றால் அறநிலையத் துறை நியமிக்கும் தக்கார். 1925இல் நீதிக்கட்சி அரசு கொண்டுவந்த அறநிலையச் சட்டம் 1951இலும் 1959இலும் திருத்தி எழுதப்பட்டு இன்றைய வடிவத்துக்கு வந்தது. தக்கார் என்றால் பெரிய அதிகாரி இல்லை. பக்கத்தில் ஏதோ ஒரு கோயிலின் செயல் அலுவலராக இருப்பார். அவருக்கு மேலும் சில கோயில்களைச் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். பூசை இல்லாத, வருமானம் இல்லாத கோயிலுக்குத் தக்கார் என்பது மேசையில் கூடுதலாக ஒரு பைல், அவ்வளவுதான். அந்த மாதிரி ஒரு பைலைக் கையில் வைத்திருந்த ஒருவர்தான் இங்கிலாந்தின் உயர்நீதிமன்றத்தில் விசுவநாத சுவாமியின் வாயாக நின்றார்.

எதிர்த் தரப்பு வக்கீல்கள் அங்கேதான் அடித்தார்கள். ஆங்கிலச் சட்டத்தில் மனிதனுக்கு அடுத்தபடி கம்பெனி ஓர் ஆளாகலாம், நகராட்சி ஓர் ஆளாகலாம். கல்லும் காரையுமாகக் கிடக்கிற ஒரு கட்டடம் எப்படி வாதியாகும்? உங்கள் ஊரில் ஆகலாம், இங்கே ஆகாது. சரி, ஆகும் என்றே வைத்துக்கொள்வோம். பல காலம் பூசையே இல்லாமல் போன கோயில் இப்போதும் உயிரோடிருக்கிறதா? இந்தக் கேள்விகள் அபத்தமானவை இல்லை. நேர்மையான வக்கீல் யாரும் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்.

இதற்குப் பதில் சொல்ல இந்தியச் சட்டம் தெரிந்தவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருந்தது. நம் கோர்ட்டில் சட்டம் என்ன என்பதை வக்கீல் வாதமாகவே சொல்லிவிடுவார். இங்கிலாந்துக் கோர்ட்டில் வெளிநாட்டுச் சட்டம் என்பது மழை பெய்ததா, கதவு பூட்டியிருந்ததா என்பதைப் போல நிரூபிக்க வேண்டிய ஒரு சங்கதி. இருதரப்பு நிபுணர்களும் கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணைக்கு உட்பட்டு, தர்ம ஸ்தாபனம் என்றால் என்ன, அதைத் தோற்றுவித்தவரின் சங்கற்பம் எவ்வளவு காலம் நிற்கும் என்று விளக்க வேண்டும். இந்தியாவின் தரப்பில் நின்றவர்களில் லண்டனில் தொழில் செய்த பாஸ்கர் கோர்படே முக்கியமானவர்.

இனி வழக்கின் இன்னொரு பாதி. சொத்து யாருடையது என்று பேசுவதற்கு முன், லண்டனில் இருக்கும் இந்த நடராசர்தான் பத்தூரில் தோண்டி எடுத்த நடராசர் என்று காட்ட வேண்டும். அதற்கு எந்த ஆவணமும் இல்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் திருட்டுப் போனால் இந்தக் கஷ்டம் கொஞ்சம் குறைவு. ராசராசனும் அவன் அக்கை குந்தவையும் தேவியரும் அதிகாரிகளும் கொடுத்த செப்புத் திருமேனிகளைக் கருங்கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் பாதத்திலிருந்து கேசம் வரை எத்தனை விரல் உயரம், எத்தனை கை, பீடம் தாமரையா, பிரபை உண்டா என்று அளவு. பொன் என்றால் ஆடவல்லான் என்ற பெயருள்ள கல்லால் நிறுத்த எடை. நகை என்றால் அதிலிருக்கும் முத்து, பவளம், பளிங்கு எல்லாவற்றின் விவரம், நிறுக்கும்போது சரடும் அரக்கும் சேர்ந்ததா தள்ளியதா என்பதும்கூட. இன்றைய காப்பீட்டுக் கம்பெனி சர்வேயர் பார்த்தால் வேலையை ராஜினாமா செய்துவிடுவார். இவ்வளவு எழுதிவைத்த கோயிலிலிருந்தே ராசராசன், உலகமாதேவி திருமேனிகள் என்று சொல்லப்படுபவை வெளியேறி, அகமதாபாத்தில் ஒரு தனியார் அருங்காட்சியகத்தில் இருந்து 2018இல்தான் திரும்பின என்பது வேறு கதை. எழுத்து இருந்தால் மட்டும் போதாது, எடுத்துப் பார்க்கிறவன் வேண்டும்.

பத்தூருக்கு அப்படிக் கல்வெட்டுப் பட்டியலும் இல்லை, புகைப்படமும் இல்லை. மண்ணுக்குள் இருந்ததைப் படம் எடுத்தவர் யார்? எனவே மண்ணே சாட்சிக்கு வந்தது. சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும், பத்தூரில் மீட்ட மற்றத் திருமேனிகளில் ஒட்டியிருந்த மண்ணையும் ஒப்பிட்டார்கள். உலோகக் கலவையைச் சோதித்தார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது கரையான். புதைந்து கிடந்த செம்பின்மேல் கரையான் மண்ணைக் குழைத்து வரி வரியாகப் பாதை கட்டியிருந்தது. அந்தத் தடங்களை ஒப்பிட்டுச் சொல்லப் பூச்சியியல் தெரிந்தவர்கள் வரை போனார்கள். டெல்டாவில் மழைக்கு முன் வீட்டு நிலைப்படியில் ஏறுகிற அதே கரையான், லண்டன் கோர்ட்டில் ஒரு பன்னாட்டு வழக்கின் விவாதப் பொருள்.

மண்ணும் கரையானும் ஓரளவுக்குத்தான் பேசும். சிலையைச் சிலையாகப் பார்த்துப் பேச ஒருவர் வேண்டும். அந்த இடத்தில் வந்தவர் இரா. நாகசாமி, தமிழ்நாடு தொல்லியல் துறையின் முதல் இயக்குநர். பத்தூரில் கிடைத்த சோமாஸ்கந்தரையும் மற்றத் திருமேனிகளையும் லண்டன் நடராசரோடு வைத்து, ஒரே காலத்தில் ஒரே கோயிலுக்காகச் செய்யப்பட்ட கூட்டம் இது என்று பாணியை வைத்து விளக்கினார். பம்பர் தரப்பும் கலை வரலாற்று நிபுணர் இல்லாமல் வரவில்லை. ஆனால் நாகசாமியின் சாட்சியம் நீதிபதியிடம் மதிப்புப் பெற்றது. சாட்சிக் கூண்டில் நிற்கும் அறிஞரின் வேலை புத்தகம் எழுதுவது போன்றதல்ல. 'இருக்கலாம்', 'தோன்றுகிறது' என்று புத்தகத்தில் எழுதிய ஒவ்வொரு வார்த்தையையும் எதிர் வக்கீல் எடுத்துவைத்துக் கேட்பார். அறிஞர்களில் பலர் இதில் சிக்கிவிடுவார்கள்.

நீதிபதி இயன் கென்னடி 1988 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னார். லண்டன் நடராசரும் பத்தூர் நடராசரும் ஒருவரே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிலம் கொடுத்துக் கோயில் எடுத்தவரின் தர்ம சங்கற்பம் அழியவில்லை, அது கோயிலின் சிவலிங்கத்தில் உருக்கொண்டு இருக்கிறது, மண்ணைத் தோண்டி எடுத்தவரிடமிருந்து வழிவழியாக வாங்கிய யாருடைய உரிமையையும்விட அதன் உரிமை மேலானது. பம்பர் மேல்முறையீடு செய்தது. பர்ச்சஸ், நோர்ஸ், லெகட் ஆகிய மூன்று நீதிபதிகள் 1991 பிப்ரவரியில் அதைத் தள்ளுபடி செய்தார்கள். அவர்கள் நின்ற புள்ளி சற்று மாறியது. கோயிலே இங்கிலாந்தில் வழக்காடலாம், தக்கார் அதன் சார்பில் பேசலாம், அது போதும் என்றார்கள். தன் நாட்டுச் சட்டப்படி தனக்கு உரிய சொத்தை ஓர் இந்து சமய நிறுவனம் இங்கே வந்து கேட்டால், அது எங்கள் பொதுக்கொள்கைக்கு எந்த வகையிலும் விரோதமில்லை என்பது அவர்கள் முடிவு.

கவனிக்க வேண்டியது, ஜெயித்தது இந்திய அரசு இல்லை, தமிழ்நாடு அரசும் இல்லை. கோயில். புதைத்துவைத்தவன் கைவிட்டவன் ஆகமாட்டான், பூசை நின்றதால் உரிமையாளர் இறந்துபோகவில்லை என்ற இரண்டு எளிய எண்ணங்கள் மேல்தான் அந்தத் தீர்ப்பு நிற்கிறது. உரிமையாளர் இருக்கிறார் என்றால் அது உரிமையாளர் தெரியாத புதையல் ஆகாது.

இதற்கு முன் நடந்த சிவபுரம் விவகாரத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சிவபுரம். 1951இல் அங்கே மண்ணில் கிடைத்த திருமேனிகள் முறையாகக் கோயிலிடம் ஒப்படைக்கப்பட்டன. சில வருடம் கழித்துப் பழுது பார்க்கப் போன இடத்தில் அச்சு அசலாக நகல்கள் தயாராகி, நகல் கோயிலுக்கும் அசல் வெளியிலுமாகப் போயின. சிவபுரத்தில் யாருக்கும் தெரியவில்லை. 1965இல் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட், கோயிலில் இருக்கும் நடராசர் நகல், அசல் பம்பாயில் ஒரு தனியாரிடம் என்று தன் புத்தகத்தில் எழுதினார். அதன் பிறகும் அது நியூயார்க் போய், 1973இல் 9 லட்சம் டாலருக்கு அமெரிக்கத் தொழிலதிபர் நார்ட்டன் சைமனின் அறக்கட்டளையிடம் விலையாயிற்று. இந்தியா வழக்குப் போட்டது. 1976இல் சமரசம். பத்து வருடம் அவர்கள் காட்சிக்கு வைத்துக்கொண்டு பிறகு தருவது என்று பேச்சு. 1986இல் திருப்பித் தந்தார்கள்.

இந்தச் சமரசத்தைத் திட்டுகிறவர்கள் அதிகம். நம் சாமியை வாடகைக்கு விட்டுவிட்டார்கள் என்று கேலி பேசியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1976இல் அந்நிய நாட்டுக் கோர்ட்டில் இப்படி ஒரு வழக்கை ஜெயித்துக் காட்டிய முன்மாதிரி எதுவும் கையில் இல்லை. தோற்றிருந்தால் சிலையும் போய், அடுத்து வருகிற ஒவ்வொரு வழக்குக்கும் அது முட்டுக்கட்டையாக நின்றிருக்கும். அந்த நிலையில் சிலை திரும்பி வரும் என்று எழுதி வாங்கிய வக்கீல்கள் புத்திசாலிகள். ஆனால் சமரசத்தில் ஒரு குறை உண்டு. அதில் சட்டம் வளராது. அடுத்தவர் எடுத்துக் காட்ட ஒரு தீர்ப்பு கிடைக்காது. பத்தூர் வழக்கு கொடுத்தது அந்தத் தீர்ப்பை. இன்று உலகத்தில் எங்கே கலைப்பொருள் சட்டம் கற்பித்தாலும் பாடப் பட்டியலில் பம்பர் வழக்கு வரும். திருவாரூர் மாவட்டத்து ஒரு சிற்றூரின் கோயிலை, அந்த ஊரைத் தேசப்படத்தில் காட்டத் தெரியாத மாணவர்கள் படிக்கிறார்கள்.

1991 ஆகஸ்டில் நடராசர் சென்னை வந்து சேர்ந்தார். அப்போது முதல்வராக இருந்த ஜெயலலிதாவிடம் ஒப்படைத்தார்கள், படங்கள் வந்தன, பேச்சுகள் நடந்தன. பிறகு கொண்டுபோய் வைத்தது பத்தூரில் அல்ல, திருவாரூர் தியாகராசர் கோயில் வளாகத்திலிருக்கும் திருமேனி பாதுகாப்பு மையத்தில். பூட்டுப் போட முடியாத கோயிலில் இவ்வளவு விலைமதிப்புள்ள சிலையை விட்டுவைத்தால் மறுபடி போய்விடும் என்பது துறையின் நியாயம். அதைத் தப்பென்று சொல்ல முடியாது. 1983இல் சிலைத் திருட்டுக்கென்றே போலீசில் தனிப் பிரிவு தொடங்க வேண்டி வந்த மாநிலம் இது.

ஆனாலும் சட்டக் கண்ணோடு பார்த்தால் ஒரு நெருடல் இருக்கிறது. கல்கத்தா மல்லிக் வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னது, தெய்வம் எங்கே இருக்க வேண்டும் என்பதில் தெய்வத்தின் விருப்பத்தையும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும் என்று. லண்டனில் வழக்கு நடந்த வரைக்கும் விசுவநாத சுவாமி ஒரு கட்சிக்காரர். அவருக்கென்று வக்கீல் இருந்தார், தக்கார் இருந்தார், அவருடைய உரிமை என்ன என்று நீதிபதிகள் கேட்டார்கள். ஜெயித்து ஊர் திரும்பியதும் அவர் துறையின் பதிவேட்டில் ஓர் எண் ஆகிவிட்டார். நடராசரை எங்கே வைப்பது என்பதில் அவர் சார்பில் தனியாக ஒருவர் வந்து பேசியிருக்க வேண்டுமா, அப்படிப் பேசுகிறவர் அதே துறை நியமித்த தக்காராக இருந்தால் அது சுதந்திரமான பேச்சாகுமா? பாதுகாப்பு மையங்களில் இருக்கும் திருமேனிகளைச் சொந்தக் கோயிலுக்கு அனுப்பச் சொல்லி வழக்குப் போடுகிறவர்கள் உண்மையில் கேட்பது இதைத்தான். சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூனில் கோயில்கள், பழஞ்சின்னங்கள் பாதுகாப்பு குறித்து 75 கட்டளைகள் அடங்கிய நீண்ட தீர்ப்பைத் தந்தபோதும் இந்தக் கேள்வி தீர்ந்துவிடவில்லை.

பத்தூர் தீர்ப்புக்குப் பின்னால் வந்த சிலைத் திருட்டுகளில் வேறு மாதிரி ஆட்கள் வருகிறார்கள். ஸ்ரீபுரந்தான் நடராசரை 50 லட்சம் டாலருக்கு வாங்கிய ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் நீதிமன்றம் வரை இழுக்காமல் 2014இல் திருப்பிக் கொடுத்தது. காரணம், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காரர்கள் கிராமம் கிராமமாகப் போய் எடுத்துவைத்த பழைய புகைப்படங்கள். மண்ணையும் கரையானையும் கூப்பிட வேண்டிய அவசியம் அங்கே இல்லை. விற்றவரான சுபாஷ் கபூர் 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டு, 2012இல் இந்தியா கொண்டுவரப்பட்டு, உடையார்பாளையம் கோயில் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றத்தில் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். நியூயார்க்கில் கடை வைத்திருந்தவரின் வழக்கு காவிரிக்கரையில் ஒரு மாஜிஸ்திரேட் முன்னால் பத்து வருடம் வாய்தா வாய்தாவாக நகர்ந்த கதை அடுத்த பகுதியில்.